தேவியின் மூக்கும் எங்கள் படகும்

கயிற்றை இழுத்தேன். ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. மறுபடி இழுத்தேன். அதே ‘கர்ர்’. மூன்றாவது முறை இழுத்தபோது உள்ளங்கைத் தோல் உரிந்து எரிந்தது. என்ஜினுக்கு மட்டும் ரோஷம் வரவில்லை.

சனிக்கிழமை, உச்சி வெயில். மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. பெரிய ஏரியின் நட்டநடுவில், ஒரு பழைய பைபர் படகில், நானும் ஸ்டெல்லாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஊர்க் கரையில் பத்துப் பெண்கள் வரிசையாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு நிமிஷம் நல்லாத்தானே ஓடுச்சு? அப்புறம் இன்னா கேடு இதுக்கு?” என்றாள் ஸ்டெல்லா.

“தெரியலடி.”

“தெரியலன்னு சத்தமா சொல்லாத. தண்ணி மேல பேச்சு தூரமா போகும். கரையில நிக்கறவங்களுக்குக் கேட்டுடும்.”

அவள் சொன்னது நியாயம். கரையில் நின்ற பத்துப் பேரும் என்னை நம்பித்தான் அந்தப் படகை வாங்கச் சம்மதித்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அக்கரையில் எங்கள் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதில் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஏறியாக வேண்டும். ஏறவில்லை என்றால் எங்கள் இடத்தில் வேறு பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். என் கணக்கில் மீதி இருந்தது ஒன்றரை நாள்.

நான் நான்காவது முறையாகக் கயிற்றைப் பிடித்தேன்.

ஏரி எங்களைச் சிறை வைத்தது

போன வாரம் ஃபேக்டரி பஸ்ஸில் இடம் பிடிக்கும் சண்டைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “படகில் வந்ததாக ஒரு வரி எழுதியிருந்தீர்களே, வேலூர்ப் பக்கம் ஏதம்மா படகு?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கேட்டது நல்லதாகப் போயிற்று. இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யாராவது ஒரு சாக்கு கொடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் கரைமேடு, ஒடுகத்தூர்ப் பக்கம். முன்னால் ஏரி, பின்னால் காட்டுமலை, நடுவில் நாற்பது வீடுகள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஏரியில் முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீர் பார்த்ததில்லை. எங்களுக்கு அது ஏரியே இல்லை. பஸ்ஸுக்குப் போகும் குறுக்கு வழி. அதில் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் வானம் பிளந்துகொண்டது. ஒரே வாரத்தில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, அதை ஒட்டியிருந்த எங்கள் ஒரே தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. மலையடிவாரமாகச் சுற்றினால் ஒரு வழிக்கே அரை நாள். முதல் இரண்டு நாள் எல்லோரும் தண்ணீரை வேடிக்கை பார்த்தோம், செல்ஃபி எடுத்தோம், பூசணிக்காய் உடைத்தோம். மூன்றாம் நாள்தான் உறைத்தது, வேலைக்கு எப்படிப் போவது?

பத்து நாள் போனது. பதினோராம் நாள் கம்பெனி ஹெச்.ஆர். மேடம் எனக்குப் போன் செய்தார். கெட்டவர் இல்லை. குரலில் சங்கடம் தெரிந்தது.

“வசந்தா, ஏற்றுமதி ஆர்டர் நிக்குது. மேல கேக்கறாங்க. திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. புது ஆள் எடுக்கச் சொல்லிட்டாங்க.”

படகு யோசனை ஸ்டெல்லாவுடையது. அவளுடைய சித்தி மகளைப் பழவேற்காட்டில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே பாஸ்கர் என்ற மீனவர் பெரிய படகுக்கு மாறிவிட்டதால், தன் சின்ன மோட்டார் படகை விற்கப் போகிறார் என்று தகவல். மகளிர் குழுவில் கூடிப் பேசினோம். “வாங்கிடலாம், ரிப்பேர் ஆனா யார் பாக்கறது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நான் பாக்கறேன்” என்றேன்.

இந்த வாய் இருக்கிறதே!

ஊசி, நூல், டென்ஷன், ஹூக்

என் வாய்க்கொழுப்புக்குக் காரணம் உண்டு. ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஹாலில் நான் மெயின்டனன்ஸ் பிரிவு. ரிஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே ‘ஹெல்ப்பர்’ என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் மிஷின் நின்றால் தையல்காரிகள் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார்கள், “வசந்தாக்கா!” என்றுதான் கத்துவார்கள்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் நான் பார்க்கும் வரிசை ஒன்று. முதலில் ஊசி, பிறகு நூல், பிறகு நூலின் இறுக்கமான டென்ஷன், கடைசியில்தான் அடியில் நூலைக் கொக்கி இழுக்கும் ஹூக். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடவேண்டும். நாலையும் ஒன்றாகக் கழற்றினால் எது குற்றவாளி என்று கடவுளுக்கும் தெரியாது. இந்த வரிசையால் நான் சரிசெய்யாத மிஷின் இல்லை என்று அப்போது ஒரு திமிர்.

வெள்ளிக்கிழமை காலை, மலையடிவாரப் பாதையைச் சுற்றிக்கொண்டு லாரியில் படகு வந்து இறங்கியது. நீலமும் வெள்ளையும் அடித்த பைபர். ஓரமெல்லாம் உரசி, உள்ளே காய்ந்த மீன் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பின்பக்கம் தொங்கவிடும் என்ஜின், சிவப்பு பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க், இரண்டையும் இணைக்கும் கருப்பு டியூப். டியூபின் நடுவில் மாம்பிஞ்சு அளவில் ஒரு ரப்பர் உருண்டை. அதைப் பிசைந்தால்தான் பெட்ரோல் என்ஜினுக்கு ஏறும். எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. சின்னப் பிள்ளைக்குப் புது சைக்கிள் கிடைத்தால் எப்படியோ, அப்படிச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்த்து மூன்று நிபந்தனை போட்டார். தடவைக்கு ஆறு பேர்தான் பயணம். எல்லோரும் மிதவை ஜாக்கெட் போடவேண்டும். துடுப்பை நம்பி நடுவில் போகக்கூடாது, கலங்கல் இழுக்கும். ஒரு முறை கடக்க ஏழு நிமிடம். பன்னிரண்டு பேரை இரண்டு நடையில் கொண்டுபோய் விட்டு வர என்ஜின் அரை மணி நேரம் மூச்சு விடாமல் ஓடவேண்டும்.

அது ஓடியதோ இரண்டு நிமிடம்.

ஒரு சொட்டும் ஒரு டப்பாவும்

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

படகு வந்த அன்றைக்கே டேங்கும் டியூபும் சேரும் இடத்தில் பெட்ரோல் துளித் துளியாகக் கசிந்ததைப் பார்த்தேன். உடனே வீட்டுக்கு ஓடி சொல்யூஷன் டப்பாவை எடுத்து வந்தேன்.

எங்கள் பக்கத்தில் சொல்யூஷன் இல்லாத வீடு கிடையாது. ஷூவின் தோல் விளிம்பை மடித்து ஒட்டுகிற ரப்பர் பசை அது. செருப்பு வார் அறுந்தால் சொல்யூஷன், ஸ்கூல் பை பிய்ந்தால் சொல்யூஷன், பக்கெட் விரிசல் விட்டால் சொல்யூஷன். என் மாமனாரின் மூக்குக்கண்ணாடி ஆறு வருடம் சொல்யூஷனில்தான் நின்றது. ஸ்டெல்லா வீட்டு மாதா படத்தின் சட்டம்கூட அப்படித்தான்.

அந்தப் பழக்கத்தில் டியூபின் உள்ளேயும் வெளியேயும் தாராளமாகத் தடவினேன். ஃபேக்டரியில் செய்வதுபோல விரலில் தொட்டால் ஒட்டும் பதம் வரும்வரை பொறுத்திருந்து, அழுத்திச் செருகினேன். கசிவு நின்றது. என் கை ராசியை நானே மெச்சிக்கொண்டேன்.

பாஸ்கரண்ணன் போனில் வந்தார்

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் எவ்வளவு இழுத்தும் என்ஜின் கிளம்பாததால் பாஸ்கரண்ணனுக்கு வீடியோ கால் போட்டோம். கடலில் இருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலையில் துண்டு, பின்னால் வலை.

“யம்மா, மேல் மூடியக் கழட்டு. பிளக்கு தெரியுதா? வெளிய எடு. ஈரமா கீதா, காஞ்சி கீதா?”

“காஞ்சி இருக்குண்ணா.”

“கரண்டு வருதா பாரு.”

பிளக்கை இரும்பில் சாய்த்துவைத்துக் கயிற்றை இழுத்தோம். பளிச்சென்று நீலப் பொறி பறந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“கரண்டு இருக்கு, பிளக்கு காஞ்சிருக்கு. அப்போ பெட்ரோல் வர்ல” என்றார் பாஸ்கரண்ணன்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊசி நன்றாக இருக்கிறது, நூல்தான் வரவில்லை! இது எனக்குத் தெரிந்த நோய்தானே? அடுத்து டேங்க் மூடியைக் காட்டச் சொன்னார். அதன் தலையில் காற்றுப் போக ஒரு சின்னத் திருகு உண்டு. அது இறுக்கி மூடிக்கிடந்தது.

“அட, அதாம்மா! லாரியில ஏத்தறப்போ நான்தான் மூடினேன். காத்து போனாத்தானே பெட்ரோல் வரும்?”

திருகைத் திறந்தேன், ரப்பர் உருண்டையைப் பிசைந்தேன், கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பு. என்ஜின் ‘டர்ர்ர்’ என்று எழுந்து, பின்பக்கத்திலிருந்து ஒரு தாரையாகத் தண்ணீரைப் பீய்ச்சியது.

“தண்ணி பீச்சுதா? அது ஒண்ணுக்குப் போற வரைக்கும் உயிரோட இருக்குன்னு அர்த்தம்” என்றார் அவர். கரையே சிரித்தது. நானும் ஸ்டெல்லாவும் துடுப்பைப் படகுக்குள் ஓரமாகப் போட்டுவிட்டு ராணிகள்போல ஏரிக்குள் புறப்பட்டோம். அதன் பிறகு நடுவில் நின்றதைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். தலைவர் பார்க்காத நேரமாகத் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தபோது இருவருக்கும் தோள்பட்டை கழன்றுவிட்டது.

மஞ்சள் பிசின்

கரைக்கு வந்ததும் என்ஜினைப் பிரித்தேன். நூல் வருகிறது, ஆனால் வழியில் எங்கோ சிக்குகிறது. ரப்பர் உருண்டை கல்லாக இருந்தது. அப்படியென்றால் டியூபில் பெட்ரோல் நிறைய நிற்கிறது, உள்ளேதான் போகவில்லை. கார்பரேட்டரைக் கழற்றினேன். அடிக்கிண்ணத்தில் பழுப்பு மஞ்சளாக ஒரு பிசின். பெட்ரோல் புகும் ஊசித்துளையை அது அடைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! “மாட்டிக்கிச்சுடி!” என்று கத்தினேன்.

பாஸ்கரண்ணனும் போனில் பார்த்துத் தலையாட்டினார். “பழைய பெட்ரோல் கெட்டுப்போனா அப்படித்தான் கோந்தாப் படியும். எல்லாத்தையும் கழுவி, புதுப் பெட்ரோல் ஊத்து.”

ஷூ தைக்கும் நைலான் நூலை ஊசித்துளையில் விட்டு உருவினேன். வடிகட்டியைத் துலக்கினேன். டேங்கைக் குலுக்கிக் கழுவினோம். புதுப் பெட்ரோல் ஊற்றி, அளந்து ஆயில் கலந்தோம். கழுவுவதற்காகக் கழற்றிய டியூபை மறுபடி செருகும்போது, கசியக்கூடாதே என்று முன்பைவிடக் கூடுதலாகச் சொல்யூஷன் தடவினேன்.

சாயங்காலம் ஒரு டிரம் தண்ணீரில் வைத்து ஓட்டினோம். அழகாக ஓடியது. ஸ்டெல்லா குலவையிட்டாள். நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். கனவிலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து ஸ்டெல்லா வந்ததும் படகை இறக்கினோம். மூன்றாவது நிமிடம் இருமியது. நான்காவது நிமிடம் நின்றது.

பிரித்தேன். அதே மஞ்சள் பிசின், நேற்றைவிட ஜாஸ்தி.

கரையில் இருந்தவர்களில் ஒருத்தி மெதுவாக, “வேற வேலை ஏதாச்சும் கேட்டுப் பாக்கலாமா? பள்ளிகொண்டா பக்கம் துணிக்கடையில ஆள் எடுக்கறாங்களாம்” என்றாள். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அவள் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். என் வாயை நம்பி வந்தவள்.

இரண்டு வருடக் கோபம்

அந்த நேரம் பார்த்து தேவி டீ கொண்டுவந்தாள்.

தேவி என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. குடியாத்தத்துப் பெண். அவர்கள் வீட்டு முன்கட்டில் இரண்டு விசைத்தறி ஓடும். அப்பா, அண்ணன் எல்லோரும் லுங்கி நெசவு. என் கொழுந்தனார் அங்கே மொபைல் கடையில் வேலை பார்த்தபோது காதலாகி, இரு வீட்டாரும் முறைத்துக்கொண்டு, கடைசியில் சமாதானமாகி நடந்த கல்யாணம்.

அவள் இந்த வீட்டுக்கு வந்த அன்று நான் வேலை முடிந்து ஓட்டமாக ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் நான் வேலைவிட்டு வரும் நேரம் அவள் மூக்கு மூடித்தான் இருக்கும். நான் ஃபேக்டரியில் போடும் கோட்டை அவள் துணியோடு ஊறவைக்க மாட்டாள். தோல் வேலை செய்கிறவர்களுக்கு அந்த முந்தானை எவ்வளவு வலிக்கும் என்று மற்றவர்களுக்குப் புரியாது. ஷேர் ஆட்டோவில், ஆஸ்பத்திரி வரிசையில், எத்தனையோ பேர் எங்களைக் கண்டு மூக்கைப் பிடித்திருக்கிறார்கள். அது வெறும் வாசனைக்காகப் பிடித்த மூக்கு இல்லை என்பது பிடித்தவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். என் வீட்டுக்குள்ளேயே ஒரு மூக்கு அப்படி மூடியபோது நான் அவளிடம் சகஜமாகப் பேசுவதை நிறுத்திவிட்டேன். “சாப்பிட்டியா”, “கதவைச் சாத்து”, அவ்வளவுதான்.

“இந்த டேங்கைக் கொஞ்சம் புடி” என்றேன்.

தேவி குனிந்தாள். துப்பட்டாவை இழுத்து மூக்கை மூடினாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை ஆத்திரம்!

“இங்கயும் மூடறியா? இது பெட்ரோலுடி! ஊரு உலகமே மோந்து பாக்கற பெட்ரோலு!”

“பெட்ரோலுக்கு இல்லக்கா...”

“பின்ன எனக்கா?”

“வசந்தா, வுடு” என்றாள் ஸ்டெல்லா.

“ரெண்டு வருஷமா வுட்டுட்டுத்தான் இருக்கேன்!”

தேவியின் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள் எழுந்து போகவில்லை. துப்பட்டாவை இறக்கிவிட்டு, டேங்க் வாயில் முகத்தை வைத்து ஒரு முறை மூச்சை இழுத்தாள். பிறகு டியூபின் முனையை முகர்ந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அக்கா, எங்கண்ணன் பைக்குக்கு நானே பெட்ரோல் ஊத்தியிருக்கேன். பெட்ரோல் வாசனை எனக்குத் தெரியும். இது வெறும் பெட்ரோல் இல்ல. இதுல உங்க கோட்டு வாசனை வருது. புதுச் செருப்பு வாசனை.”

பன்னிரண்டு செத்த மூக்குகள்

நான் முகர்ந்தேன். பெட்ரோல்தான். ஸ்டெல்லா முகர்ந்தாள். “பெட்ரோல்தான்டி.” பத்துப் பெண்களும் வரிசையில் வந்து, கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல ஒவ்வொருத்தியாகக் குனிந்து முகர்ந்தார்கள். பத்துப் பேரும் பெட்ரோல் என்றார்கள்.

“இன்னாக்கா, இவ்ளோ நெடி அடிக்குது, உங்க யாருக்குமே தெரியலையா?” என்று தேவி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

தெரியவில்லை. பத்து வருடம், இருபது வருடம் காலையிலிருந்து மாலைவரை அந்த வாசனைக்குள்ளேயே உட்கார்ந்து எழுந்தவர்கள் நாங்கள். எங்கள் மூக்கு அதற்குச் செத்துப்போயிருந்தது. சுற்றி நின்ற பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கும் அது தனியாகத் தெரியவில்லை.

புதுச் செருப்பு வாசனை. என் கோட்டு வாசனை. என் கண் தானாகப் படகின் ஓரத்தில் இருந்த சொல்யூஷன் டப்பாவுக்குப் போனது.

அய்யோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஃபேக்டரியில் விளிம்பு மடிக்கும் மேசையில் கிண்ணத்துப் பசை இறுகிப்போனால் என்ன செய்வோம்? சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கிளறுவோம். கிளறினால் இளகிவிடும். சேர்ந்த புதிதில் நானே ஆயிரம் தடவை கிளறியிருக்கிறேன். பெட்ரோல் சொல்யூஷனைக் கரைக்கும் என்று இந்த ஊரில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த பெண்பிள்ளை, அதே சொல்யூஷனைத் தடவிப் பெட்ரோல் டியூபை ஒட்டியிருக்கிறாள்!

ஒரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் பசையைப் போட்டு, பெட்ரோல் விட்டுக் குச்சியால் கலக்கினேன். எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் அது இளகி, நூல் நூலாக இழுத்தது. கார்பரேட்டரில் இருந்த அதே மஞ்சள் பிசின்.

சனிக்கிழமை நான் சுத்தம் செய்தபோது நோயை எடுத்துவிட்டு மறுபடி நோயையே ஊட்டியிருக்கிறேன். ஸ்டெல்லா முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பயம் விட்டுப்போனதால் வந்த சிரிப்பு அது.

சிரித்து ஓய்ந்ததும் தேவியைப் பார்த்தேன்.

“எனக்கு அந்தப் பசை வாசனைக்குத் தலைவலி வரும்க்கா” என்றாள் அவள், கீழே பார்த்துக்கொண்டு. “வந்த அன்னிக்கு நீங்க கட்டிப் புடிச்சப்போ தலை சுத்திடுச்சு. சொன்னா தப்பா நெனப்பீங்கன்னு சொல்லல.”

“சொல்லாததாலதாண்டி தப்பா நெனச்சேன்” என்றேன். இரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரு தலைவலியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

கேஸ் அடுப்பு கிளிப்

அப்புறம் நாங்கள் வேலை செய்த வேகத்தைப் பார்த்திருந்தால் கம்பெனி எங்களுக்குப் பரிசு கொடுத்திருக்கும். பசை தோய்ந்த டியூப் முனையை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி எறிந்தேன். மிச்ச முனையைச் சுடுதண்ணீரில் முக்கி இளக்கி, டேங்கின் குழாயில் செருகினேன். இறுக்க ஒரு கிளிப் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தண்ணீருக்கு இந்தப் பக்கம், கடை ஏது?

ஸ்டெல்லா எழுந்து போனாள். சிலிண்டரை மூடிவிட்டு, தன் கேஸ் அடுப்பு டியூபிலிருந்த கிளிப்பைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

“பாலம் கட்டற வரைக்கும் எங்க வீட்ல விறகு அடுப்புதான். மாமியார் கேட்டா நீதான் பதில் சொல்ற” என்றாள்.

டேங்கை மூன்று முறை கழுவினோம். வடிகட்டி, ஊசித்துளை, ரப்பர் உருண்டையின் உள்பக்கம் என்று ஒன்று விடவில்லை. இருந்த பைக்குகளிலிருந்தெல்லாம் பெட்ரோல் இறக்கினோம். ஊற்றும் முன் ஒவ்வொரு பாட்டிலையும் தேவி முகர்ந்து, “சரி” என்று தலையாட்டினாள். அவள் தலையாட்டாமல் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

இழுத்தேன். ‘டர்ர்ர்.’

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஸ்டெல்லா போனைப் பார்த்து நிமிடத்தை உரக்கச் சொல்ல, கரையிலிருந்து மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இருபது. இருபத்தைந்து. முப்பதாவது நிமிடம் ஏரிக்கரை முழுக்க ஒரே கூச்சல். சுற்றிச் சுற்றி வந்தோம். தண்ணீர் முகத்தில் அடித்தது. எனக்கு அழுகையும் வந்தது, கத்தவும் தோன்றியது. இரண்டையும் செய்தேன்.

தேவி அன்று படகைவிட்டு இறங்கவே மறுத்துவிட்டாள். கைப்பிடியை வாங்கி, திருப்பக் கற்று, கரைசேர்க்கக் கற்று, இருட்டும் முன் எங்கள் எல்லோரையும்விட நேராக ஓட்டினாள். நாங்கள் வேலைக்குப் போனபின் படகை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கும் அதோடு பதில் கிடைத்துவிட்டது.

ஆறே முக்கால்

திங்கட்கிழமை. ஏரிமேல் மெல்லிய பனி. முதல் நடையில் ஸ்டெல்லா உட்பட ஆறு பேரை அக்கரையில் விட்டுவிட்டு தேவி திரும்பி வந்தாள். இரண்டாவது நடையில் நான் ஏறினேன். டிபன் பாக்ஸை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன்.

நட்டநடுவில், சனிக்கிழமை நின்ற அதே இடத்தில், என்ஜின் ஒரு மாதிரி முனகியது. தேவி சட்டென்று நிறுத்தினாள்.

அதே நேரம் அக்கரையில் பஸ் ஹாரன் கேட்டது. எங்கள் டிரைவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் எங்கேயும் நிற்க மாட்டார்.

“இன்னாடி ஆச்சு?” என்று பின்னால் திரும்பிக் கேட்டேன்.

அவள் பின்னால் குனிந்து ஒரு முறை முகர்ந்தாள். “வாசனை நல்லாத்தான் இருக்கு. இது வேற” என்று சொல்லி, என்ஜினைச் சாய்த்துத் தூக்கினாள். தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் ஆகாயத்தாமரைக் கொடி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதை நிதானமாகப் பிய்த்தாள். தறியில் சிக்கிய நூலைப் பிரிக்கிற வீட்டுப் பெண், அவசரமே படவில்லை. ஹாரன் மறுபடி கேட்டது. மறுபடியும்.

என்ஜினை இறக்கி, கயிற்றை இழுத்தாள். ஒரே இழுப்பு.

கரை நெருங்கியபோதுதான் பஸ் ஏன் கிளம்பவில்லை என்று தெரிந்தது. ஸ்டெல்லா ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“ஏறும்மா, இல்ல எறங்கும்மா!” என்று டிரைவர் கத்திக்கொண்டிருந்தார்.

“ஏறிக்கிட்டேதான்ணா இருக்கேன், கால் வலி” என்றாள் அவள்.

நாங்கள் ஈர மண்ணில் ஓடி ஏறினோம். பன்னிரண்டு பேர். ஹெச்.ஆர். மேடம் எங்களைக் கம்பெனி கேட்டில் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அன்று வரச்சொல்லியிருந்த புதுப்பெண்களை வேறு லைனில் சேர்த்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தபோதுதான் எனக்கு முழு நிம்மதி.

சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கினோம். கரையில் தேவி படகைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு நாள் முழுக்கப் பசைக்கும் தோலுக்கும் நடுவே இருந்துவிட்டு நாங்கள் முதல் ஆறு பேர் மொத்தமாகப் படகில் ஏறினோம்.

தேவி என்னைப் பார்த்தாள். அவள் கை துப்பட்டாவை நோக்கிப் போய், பாதியில் தயங்கி நின்றது.

நானே எட்டி, அந்தத் துப்பட்டாவை எடுத்து, அவள் மூக்கைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டேன்.

“நல்லா மூடிக்கடி. அந்த மூக்கு கெட்டுப்போனா எங்களுக்கு வேற மூக்கு இல்ல” என்றேன்.

துணிக்குள்ளே அவள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. அவள் கயிற்றை இழுத்தாள்.